உணவு வங்கி

உணவு வங்கி என்பது மிகுதியாகவோ நன்கொடையாகவோ கிடைக்கும் உணவுப் பொருட்களைத் திரட்டிச் சேமித்து, அவற்றை விலை கொடுத்து வாங்க வசதியற்ற குடும்பங்களுக்கு இலவசமாகக் கிடைக்கச் செய்யும் இலாபநோக்கற்ற அமைப்பு ஆகும். குறைந்த வருமானம் உடையோர், வேலை இழந்தோர், வீடற்றோர், அரசு உதவித்தொகை வந்து சேராமல் காத்திருப்போர் ஆகியோர் இவ்வமைப்புக்களினால் பயன்பெறுகின்றனர். முதலாவது உணவு வங்கி 1967 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் நகரில் தொடங்கப்பட்டது. பின்னர் கனடா, பிரான்சு, செருமனி, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளிலும் இம்முறை பரவியது.

நெருக்கடி வேளையில் சில நாட்களுக்குக் கைகொடுக்கும் தற்காலிக ஏற்பாடாகவே பெரும்பாலான நாடுகளில் உணவு வங்கிகள் தோன்றின. எனினும் தோன்றிய நாடுகள் பலவற்றில் அவை இன்று நிலையான நிறுவனங்களாகி விட்டன. இம்மாற்றம் சமூகக் கொள்கை பற்றிய விவாதங்களில் முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளது.

பெயரும் பொருளும்

பணத்தை வைப்பில் இட்டுத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் வங்கியைப் போல, உணவு மிகுதியாக உள்ளவர்கள் அதனை ஓரிடத்தில் இட்டு வைக்க, இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்னும் கருத்தில் இருந்து இப்பெயர் வந்தது. ஆயினும் பண வங்கியில் இட்டவரே திரும்பப் பெறுகிறார். உணவு வங்கியில் இடுபவர் வேறு, பெறுபவர் வேறு.

இச்சொல் நாட்டுக்கு நாடு சற்று வேறுபட்ட பொருளில் வழங்குகிறது. ஐக்கிய அமெரிக்காவில் உணவு வங்கி என்பது பெரிய களஞ்சியம் ஒன்றைக் குறிக்கும். அது பொதுவாக மக்களுக்கு நேரடியாக உணவு வழங்குவதில்லை. தேவாலயங்கள், பள்ளிகள், தங்குமிடங்கள், சமூக நிலையங்கள் போன்றவை அங்கிருந்து பொருட்களைப் பெற்றுத் தத்தம் பகுதி மக்களுக்கு வழங்குகின்றன. இவ்வாறு வழங்கும் சிறு நிலையங்கள் உணவு அறைகள் எனப்படுகின்றன. ஐக்கிய இராச்சியத்தில் மக்கள் நேரில் சென்று உணவுப் பொதியைப் பெற்றுக்கொள்ளும் இடமே உணவு வங்கி எனப்படுகிறது.

சமைத்த உணவை அங்கேயே பரிமாறும் இடங்கள் உணவு வங்கிகளில் இருந்து வேறானவை. பஞ்சக் காலங்களில் தமிழகத்தில் திறக்கப்பட்ட கஞ்சித்தொட்டிகளும், வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்கும் உணவளித்த அன்னசத்திரங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. உணவு வங்கி தருவது பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துச் சென்று சமைத்து உண்பதற்கான பொருட்களையே. இவ்வேறுபாடு வீடற்ற குடும்பங்களைப் பொறுத்தவரை மிகவும் முக்கியமானது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்கா

உணவு வங்கியின் தந்தை எனக் கருதப்படுபவர் ஜான் வான் ஹெங்கல் (1923 - 2005) ஆவார். இவர் 1960களில் பீனிக்ஸ் நகரில் ஏழைகளுக்கு உணவு பரிமாறும் நிலையம் ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்றி வந்தார். அக்காலத்தில், பேரங்காடிகளின் குப்பைத் தொட்டிகளில் இருந்து எடுத்த உணவைக் கொண்டு தன் பத்துக் குழந்தைகளையும் வளர்த்து வந்த ஒரு தாயை இவர் சந்தித்ததாகக் கூறப்படுகிறது. உண்ணத்தக்க உணவு குப்பைக்குப் போகாமல் ஓரிடத்தில் இட்டு வைக்கப்பட வேண்டும் என்னும் எண்ணம் அச்சந்திப்பில் இருந்தே பிறந்தது. பீனிக்சின் தூய மரியாள் தேவாலயம் 3,000 டாலர் பணமும் பயன்பாட்டில் இல்லாத கட்டிடம் ஒன்றும் கொடுத்து உதவியது. இதனால் நிலையத்துக்குத் தூய மரியாள் உணவு வங்கி என்று பெயரிடப்பட்டது. முதல் ஆண்டிலேயே சுமார் 125 தொன் உணவு வழங்கப்பட்டது.

1970களின் நடுப்பகுதியில் கூட்டாட்சி அரசின் மானியத்துடன் பிற நகரங்களிலும் உணவு வங்கிகள் அமைக்கப்பட்டன. நிறுவனங்கள் தாம் நன்கொடையாகக் கொடுக்கும் சரக்குகளுக்குக் கூடுதல் வரிச் சலுகை பெற 1976 ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் வழிசெய்தது. உணவுத் தொழிற்சாலைகள் மிகுதியான சரக்கை அழிப்பதைவிடக் கொடுத்துவிடுவதே இலாபம் என்னும் நிலை இதனால் உருவானது. இக்காலத்தில் வான் ஹெங்கல் தொடங்கிய செக்கண்ட் ஹார்வெஸ்ட் என்னும் நாடளாவிய கூட்டமைப்பே 2008 முதல் ஃபீடிங் அமெரிக்கா என்னும் பெயரில் இயங்கி வருகிறது. சுமார் 200 உணவு வங்கிகளும், அவற்றின் வழியாக ஏறத்தாழ 60,000 உணவு அறைகளும் உணவளிக்கும் நிலையங்களும் இக்கூட்டமைப்பில் இணைந்துள்ளன.

1980களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதாரப் பின்னடைவும், ரானல்ட் ரேகன் அரசு மேற்கொண்ட நலத்திட்டச் செலவுக் குறைப்பும் உணவு வங்கிகளின் எண்ணிக்கை விரைவாகப் பெருகக் காரணமாயின. அதே வேளையில், பால் பண்ணையாளர்களுக்கு விலை ஆதரவு அளிப்பதற்காக அரசு வாங்கிய பாற்கட்டி பெருமளவில் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது. 1981 டிசம்பரில் இதில் ஒரு பகுதியை ஏழைகளுக்கு வழங்க ரேகன் ஆணையிட்டார். இதன் தொடர்ச்சியாக 1983 இல் தற்காலிக அவசர உணவு உதவித் திட்டம் உருவாக்கப்பட்டது. 1990 இல் அத்திட்டத்தின் பெயரில் இருந்து 'தற்காலிக' என்னும் சொல் நீக்கப்பட்டது. திட்டம் இன்றும் தொடர்கிறது.

கனடா

கனடாவின் முதல் உணவு வங்கி 1981 இல் எட்மன்டன் நகரில் தொடங்கப்பட்டது. டொராண்டோவின் டெய்லி பிரெட் உணவு வங்கி 1983 இல் தோன்றியது. நிலைமை சீரானதும் மூடிவிடலாம் என்ற எண்ணத்துடன் தொடங்கப்பட்ட இவை இன்றுவரை மூடப்படவில்லை. கனடிய உணவு வங்கிகளின் கூட்டமைப்பு ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் மக்கள் உணவு வங்கிகளுக்கு எத்தனை முறை வந்தனர் என்பதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2019 மார்ச்சில் சுமார் 11 இலட்சமாக இருந்த இவ்வெண்ணிக்கை, 2024 மார்ச்சில் 20 இலட்சத்தைத் தாண்டியது. வருகையாளர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர்கள் ஆவர். வீட்டு வாடகை உயர்வு இப்பெருக்கத்துக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது.

ஐரோப்பா

ஐரோப்பாவின் முதல் உணவு வங்கி 1984 இல் பாரிசில் அமைக்கப்பட்டது. 1986 இல் ஐரோப்பிய உணவு வங்கிகளின் கூட்டமைப்பு உருவானது. பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் கொலூஷ் 1985 இல் தொடங்கிய அன்பு உணவகங்கள் என்னும் இயக்கமும் இக்காலத்தைச் சேர்ந்ததே. செருமனியில் 1993 இல் பெர்லினில் தொடங்கிய 'டாஃபல்' இயக்கம் இன்று 900க்கும் மேற்பட்ட கிளைகளைக் கொண்டுள்ளது. இடாய்ச்சு மொழியில் இச்சொல் விருந்து மேசையைக் குறிக்கும்.

ஐக்கிய இராச்சியம்

ஐக்கிய இராச்சியத்தின் மிகப்பெரிய உணவு வங்கிக் கூட்டமைப்பான டிரசல் அறக்கட்டளை 1997 இல் பல்கேரியாவில் வாழும் ஏழைச் சிறுவர்களுக்கு உதவுவதற்காகவே நிறுவப்பட்டது. நிறுவனர்களான பாடி ஹெண்டர்சன், கரோல் ஹெண்டர்சன் இணையர் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் வாழ்ந்தனர். பல்கேரியச் சிறுவர்களுக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தபோது, அந்நகரிலேயே ஒரு தாய் தன் பிள்ளைகள் அன்றிரவு பசியுடன் உறங்கச் செல்ல வேண்டியுள்ளது என்று அவர்களுக்குத் தெரிவித்தார். இதன் பின்னர் 2000 ஆம் ஆண்டில் தமது தோட்டக் கொட்டகையில் அவர்கள் முதல் உணவு வங்கியைத் தொடங்கினர். 2004 முதல் பிற நகரங்களின் தேவாலயங்களும் சமூகக் குழுக்களும் இம்முறையைப் பின்பற்ற வகைசெய்யப்பட்டது.

2008-09 இல் ஏறத்தாழ 26,000 பேருக்கு இவ்வமைப்பு உணவு வழங்கியது. 2023-24 இல் அது வழங்கிய அவசர உணவுப் பொதிகளின் எண்ணிக்கை 31 இலட்சம் ஆகும். இக்கூட்டமைப்பில் சேராத சுயேச்சையான உணவு வங்கிகளும் நாட்டில் பெருந்தொகையாக உள்ளன. அவை வழங்குவன இக்கணக்கில் அடங்கவில்லை.

செயற்பாடு

உணவு வரும் வழிகள்

உணவு வங்கிகளுக்குப் பின்வரும் வழிகளில் உணவு கிடைக்கிறது:

* தொழிற்சாலைகள்: பொதியில் அச்சுப்பிழை உள்ளவை, எடை குறைந்தவை, விற்பனை நிறுத்தப்பட்டவை.
* பேரங்காடிகள்: தரக்காலம் முடியும் நிலையில் உள்ளவை, உறை நசுங்கியவை.
* பண்ணைகள்: அளவிலோ வடிவிலோ சந்தைக்கு ஏற்காத காய்கறிகளும் பழங்களும், அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சியவையும்.
* பொதுமக்கள்: பள்ளிகள், வழிபாட்டிடங்கள், அங்காடி வாயில்கள் ஆகியவற்றில் வைக்கப்படும் பெட்டிகளில் இடப்படும் பொருட்கள்.
* அரசு: சில நாடுகளில் வேளாண்மைத் துறை வாங்கி வழங்கும் பொருட்கள்.
* விலைக்கு வாங்குதல்: நன்கொடையாகப் போதிய அளவில் கிடைக்காதவற்றை நிதி நன்கொடையைக் கொண்டு வாங்குவர்.

உணவு வங்கிகள் பொருளைவிடப் பணமாகக் கொடுக்கும் நன்கொடையையே பெரிதும் விரும்புவதுண்டு. மொத்தமாக வாங்கும்போது, ஒருவர் கடையில் சில்லறையாக வாங்கிக் கொடுப்பதைவிட அதிகப் பொருள் கிடைக்கும் என்பதும், எது குறைவாக உள்ளதோ அதனை வாங்க முடியும் என்பதும் இதற்குக் காரணங்கள்.

தரம் பிரித்தல்

வந்து சேரும் பொருட்களைத் தன்னார்வலர்கள் பிரித்து, எடையிட்டு, திகதி பார்த்து அடுக்குகின்றனர். இங்கு இருவகைத் திகதிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று, இத்திகதி வரை சுவையும் தரமும் சிறப்பாக இருக்கும் என்பதைக் குறிப்பது. மற்றொன்று, இத்திகதிக்குப் பின் உண்பது பாதுகாப்பானதல்ல என்பதைக் குறிப்பது. முதல் வகைத் திகதி கடந்த பொருட்களைப் பல நாடுகளில் சட்டப்படி வழங்கலாம். இரண்டாம் வகைத் திகதி கடந்தவை விலக்கப்படும். துருப்பிடித்த, உப்பிய, மடிப்புப் பகுதி நசுங்கிய தகரப்பேணிகளும் விலக்கப்படும்.

பயனாளர் தெரிவு

யாருக்கு உணவு வழங்குவது என்பதில் இருவேறு முறைகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் உணவு அறைகள் பலவற்றில் குடும்பத்தினரின் எண்ணிக்கை, முகவரி, வருமானம் ஆகியவற்றை வருபவர் கூறினாலே போதுமானது. டிரசல் முறையில் பரிந்துரைச் சீட்டு தேவைப்படுகிறது. மருத்துவர், பள்ளி ஆசிரியர், சமூகப் பணியாளர், ஆலோசனை நிலையங்கள் ஆகியோர் இச்சீட்டினை வழங்குவர். உணவு மட்டும் கொடுத்து அனுப்பிவிடாமல் கடன், வாடகை, உதவித்தொகை ஆகியவற்றில் உள்ள சிக்கலுக்கும் ஆலோசனை கிடைக்கச் செய்வதே இதன் நோக்கம் என்கின்றனர். பசியுடன் உள்ளவர் முதலில் ஓர் அலுவலரின் முன் தன் நிலையை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது என்பது இம்முறையின் குறைபாடாகச் சுட்டப்படுகிறது.

உணவுப் பொதி

டிரசல் உணவு வங்கி ஒன்றின் வழக்கமான பொதி மூன்று நாட்களுக்குப் போதுமானது. தானிய உணவு, பாஸ்தா அல்லது அரிசி, சூப், தக்காளி, பயறு அல்லது அவரை, மீன் அல்லது இறைச்சி, காய்கறி, பழம், பிஸ்கட், தேநீர் அல்லது காப்பி, நீண்ட நாள் கெடாத பால், பழச்சாறு ஆகியன அதில் இருக்கும். இவற்றுட் பெரும்பாலானவை தகரப்பேணியில் அடைக்கப்பட்டவை அல்லது உலர்ந்தவை. குளிர்ப்பதன வசதி இல்லாத இடங்களில் பச்சைக் காய்கறி, முட்டை, புதிய பால் ஆகியவற்றை வைத்திருக்க முடியாமையே இதற்குக் காரணம்.

உணவு அல்லாத பொருட்களுக்கும் தேவை மிகுதி. குழந்தைகளுக்கான அணையாடை, சவர்க்காரம், பற்பசை, மாதவிடாய்க் கால அணையாடை ஆகியவற்றை உணவு வங்கிகள் தனியாகக் கேட்டுப் பெறுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் அரசின் உணவு உதவி அட்டையைக் கொண்டு சவர்க்காரமோ குழந்தை அணையாடையோ வாங்க இயலாது. எனவே அவ்வட்டை வைத்திருக்கும் குடும்பங்களும் இவற்றுக்காக உணவு அறைகளுக்கு வருகின்றன.

பல நிலையங்களில் முன்கூட்டியே கட்டிய பொதிக்குப் பதிலாக, கடையில் இருப்பது போல் அடுக்குகளில் இருந்து குடும்பத்தினரே தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் முறை பின்பற்றப்படுகிறது. நீரிழிவு உள்ளவர், பன்றி இறைச்சி உண்ணாதவர், தாவர உணவினர் ஆகியோருக்கு ஒவ்வாத பொருட்கள் வீணாவது இதனால் தவிர்க்கப்படுகிறது. கேட்டு வாங்கும் கூச்சமும் ஓரளவு குறைகிறது.

வீடற்ற குடும்பங்களும் உணவு உதவியும்

வீடற்றோர் எனப்படுவோர் தெருவில் உறங்குவோர் மட்டுமல்லர். பெற்றோரும் பிள்ளைகளுமாக வீடிழந்த குடும்பங்களுட் பெரும்பாலானவை தற்காலிகத் தங்குமிடங்கள், மலிவு விடுதி அறைகள், மகிழுந்துகள், உறவினர் வீடுகள் ஆகியவற்றில் வாழ்கின்றன. இத்தகைய குடும்பங்களுக்கு வழக்கமான உணவுப் பொதி முழுமையாகப் பயன்படுவதில்லை. அடுப்பு இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, பாத்திரம் இல்லை. அரிசியும் பருப்பும் கையில் இருந்தும் பிள்ளைகள் பசியுடன் இருக்கும் நிலை ஏற்படக்கூடும்.

எனவே ஐக்கிய இராச்சியத்தின் உணவு வங்கிகள் பல சிறப்புப் பொதிகளை உருவாக்கியுள்ளன. விடுதி அறையில் வெந்நீர்க் கெண்டி மட்டும் இருப்போருக்கு, வெந்நீர் ஊற்றினால் உண்ணத்தக்க நூடில்ஸ், சூப், கஞ்சி ஆகியவை கொண்ட பொதி வழங்கப்படுகிறது. அதுவும் இல்லாதோருக்கு இழுத்துத் திறக்கும் மூடியுடைய பேணிகள், ரொட்டி, பழம் முதலியன கொண்ட குளிர் பொதி வழங்கப்படுகிறது. வீடு இருந்தும் மின்கட்டணமோ எரிவாயுக் கட்டணமோ செலுத்த இயலாதவர்கள் இப்பொதிகளைக் கேட்டுப் பெறுவதும் உண்டு.

ஐக்கிய அமெரிக்காவில் அரசின் உணவு உதவி அட்டையைக் கொண்டு சூடான சமைத்த உணவை வாங்குவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. சில மாநிலங்களில் மட்டும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், வீடற்றோர் ஆகியோர் குறிப்பிட்ட உணவகங்களில் இவ்வட்டையைப் பயன்படுத்தலாம். மற்ற இடங்களில் வீடற்ற குடும்பங்கள் உணவு பரிமாறும் நிலையங்களையே நம்பியுள்ளன.

குடும்பங்கள் வீடிழக்காமல் தடுப்பதிலும் உள்ளூர் அமைப்புக்களுக்குப் பங்கு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1983 இல் தொடங்கப்பட்ட அவசர உணவு மற்றும் உறைவிடத் திட்டத்தின்படி, கூட்டாட்சி நிதி உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த அமைப்புக்கு எவ்வளவு என்பதை அக்குழுக்களே முடிவு செய்தன. உணவுக்கு மட்டுமன்றி ஒரு மாத வாடகை, வீட்டுக்கடன் தவணை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கும் இந்நிதியைப் பயன்படுத்த இடம் இருந்தது. இரட்சணிய சேனை, செஞ்சிலுவைச் சங்கம், கத்தோலிக்க அறப்பணி அமைப்பு முதலியவை இத்திட்டத்தின் தேசிய வாரியத்தில் இடம்பெற்றன. வாடகையா உணவா என்று தெரிவு செய்ய வேண்டிய நிலையில் குடும்பங்கள் பெரும்பாலும் உணவையே குறைத்துக்கொள்கின்றன. ஆகவே உணவு வங்கியில் கிடைக்கும் பொதி, மறைமுகமாக வாடகைக்கான உதவியாகவும் அமைகிறது.

பள்ளிச் சிறுவர்களுக்கான முதுகுப்பைத் திட்டமும் குறிப்பிடத்தக்கது. ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வயிற்று வலி, தலைச்சுற்றல் என்று தன்னிடம் வந்த மாணவர்கள் உண்மையில் பசியுடன் இருந்ததைக் கண்ட பள்ளிச் செவிலி ஒருவர் உள்ளூர் உணவு வங்கியின் உதவியை நாடினார். பள்ளி உணவு கிடைக்காத சனி, ஞாயிறு நாட்களுக்கான உணவை வெள்ளிக்கிழமைகளில் பிறர் அறியாவண்ணம் மாணவரின் முதுகுப்பையில் வைத்து அனுப்பும் முறை இவ்வாறு தொடங்கியது. பின்னர் இது நாடு முழுவதும் பரவியது.

பங்கீட்டுச் சந்தை

உணவு வங்கிகளிடையே உணவை நேர்மையாகப் பங்கிடுவது எளிதல்ல. 2005 க்கு முன்னர் ஃபீடிங் அமெரிக்காவின் தலைமையகம் வந்த சரக்கை வரிசை முறையில் ஒதுக்கி வந்தது. ஒரு வங்கியிடம் ஏற்கனவே என்ன இருந்தது என்பது தலைமையகத்துக்குத் தெரியாது. உருளைக்கிழங்கு பெருமளவில் விளையும் ஐடகோ மாநிலத்துக்கே மேலும் உருளைக்கிழங்கு ஒதுக்கப்பட்ட நிகழ்வு இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு.

2005 இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் கனிஸ் பிரெண்டர்காஸ்ட் உள்ளிட்டோரின் உதவியுடன் புதிய முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. உணவு வங்கிகளுக்கு அவற்றின் பகுதியில் உள்ள ஏழ்மையின் அளவுக்கு ஏற்ப 'பங்குகள்' என்னும் கற்பனை நாணயம் வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு அவை வரும் சரக்குகளை ஏலத்தில் எடுத்தன. செலவிடப்பட்ட பங்குகள் மீண்டும் எல்லா வங்கிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. சிறிய வங்கிகள் கடனாகவும் பங்குகள் பெற இயன்றது. கெடாத தானிய உணவும் நிலக்கடலை வெண்ணெயும் உயர்ந்த விலைக்குப் போயின. விரைவில் அழுகும் காய்கறிகள் மிகக் குறைந்த விலைக்குப் போயின. வறுமை மிகுந்த பகுதியின் வங்கிகள் கூடுதல் பங்குகளைப் பெற்றதால், சந்தை முறையாக இருந்தும் அது ஏழைப் பகுதிகளுக்குச் சாதகமாக அமைந்தது.

சட்டங்கள்

நன்கொடையாகக் கொடுத்த உணவால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்தால் வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்னும் அச்சம் நிறுவனங்களிடம் இருந்தது. 1996 இல் ஐக்கிய அமெரிக்காவில் நிறைவேறிய நல்ல சமாரியர் உணவு நன்கொடைச் சட்டம், நல்லெண்ணத்துடன் உணவு கொடுப்போருக்கு இதில் இருந்து பாதுகாப்பு அளித்தது. கடும் கவனக்குறைவும் வேண்டுமென்றே இழைத்த தீங்கும் இப்பாதுகாப்பில் அடங்கா.

பிரான்சில் 2016 இல் இயற்றப்பட்ட சட்டம் மேலும் ஒருபடி சென்றது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் விற்காத உணவைக் கொடுப்பதற்கு அறப்பணி அமைப்புக்களுடன் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றும், உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே உண்ண முடியாததாக்குவது குற்றம் என்றும் அச்சட்டம் விதித்தது.

விமர்சனங்கள்

உணவு வங்கிகளின் பணியை மதிப்போர் இடையேயும் அவற்றைப் பற்றிய ஐயங்கள் உள்ளன. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேனட் பாப்பன்டீக் 1998 இல் எழுதிய நூலிலும், கனடிய ஆய்வாளர் கிரகாம் ரிச்சஸ் 1986 முதல் எழுதிய நூல்களிலும் இவை விரிவாக எடுத்துரைக்கப்பட்டுள்ளன. முதன்மையான விமர்சனங்கள் வருமாறு:

* பசிக்குக் காரணம் உணவுப் பற்றாக்குறை அன்று, வருமானப் பற்றாக்குறையே. எனவே உணவைக் கொடுப்பது காரணத்தைத் தீர்ப்பதில்லை.
* அறக்கொடை உரிமை ஆகாது. பொருள் தீர்ந்துவிட்டால் வந்தவர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். அவர் முறையிட இடமில்லை.
* பசிக்கு ஏதோ செய்யப்படுகிறது என்னும் நிறைவு, அரசின் மீது உள்ள பொறுப்பை மறக்கச் செய்கிறது.
* கழிவை அகற்றும் செலவை நிறுவனங்கள் மிச்சப்படுத்துகின்றன. மிகுதி உற்பத்தி குறைவதில்லை.
* பசியுடன் உள்ளவர்களுட் பலர் கூச்சத்தாலும் தொலைவாலும் உணவு வங்கிகளுக்கு வருவதே இல்லை. கனடாவில் செய்யப்பட்ட ஆய்வுகள், உணவுப் பாதுகாப்பற்ற குடும்பங்களுள் சிறு பகுதியினரே உணவு வங்கியை நாடுவதாகக் காட்டின.

அளவு குறித்த ஒப்பீடும் கருதத்தக்கது. தான் ஒரு வேளை உணவு வழங்கும்போது அரசின் உணவு உதவி அட்டைத் திட்டம் ஒன்பது வேளை உணவு வழங்குகிறது என்பது ஃபீடிங் அமெரிக்காவின் கணிப்பு. அரசின் திட்டம் சிறிதளவு குறைக்கப்பட்டாலும் அதனை ஈடுசெய்யும் வலிமை உணவு வங்கிகளுக்கு இல்லை என்பதை அவ்வமைப்பே தொடர்ந்து கூறி வருகிறது. 2023 இல் ஐக்கிய அமெரிக்காவில் 13.5 விழுக்காட்டுக் குடும்பங்கள் உணவுப் பாதுகாப்பற்றவை என அந்நாட்டு வேளாண்மைத் துறை கணித்தது.

இவ்விமர்சனங்களுக்கு உணவு வங்கிகளை நடத்துவோர் அளிக்கும் விடை எளிமையானது. சட்டம் மாறும் வரை இன்றிரவுப் பசி காத்திருக்காது என்பதே அது. 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது இது வெளிப்படையாகத் தெரிந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9 அன்று டெக்சசு மாநிலத்தின் சான் அன்டோனியோ நகர உணவு வங்கி, சந்தைத் திடல் ஒன்றில் சுமார் 10,000 குடும்பங்களுக்கு உணவு வழங்கியது. வரிசையாக நின்ற மகிழுந்துகளை வானில் இருந்து எடுத்த படங்கள் உலகெங்கும் வெளியாயின. அவ்வளவு விரைவாக அத்தனை பேருக்கு உணவைக் கொண்டு சேர்க்கக்கூடிய வேறு அமைப்பு அந்நகரில் இருக்கவில்லை.

உணவு வங்கிகளுட் சிலவும் தமது தேவையே இல்லாத நிலையை இலக்காக அறிவித்துள்ளன. டிரசல் அமைப்பு உதவித்தொகையின் அளவையும், புதிய விண்ணப்பதாரர் முதல் தொகைக்காகக் காத்திருக்க வேண்டிய ஐந்து வாரக் காலத்தையும் மாற்றக் கோரி வந்துள்ளது. ஸ்காட்லாந்து அரசு 2023 ஜூனில் வெளியிட்ட திட்டம், நெருக்கடியில் உள்ளவருக்கு உணவுப் பொதிக்கு முன் பணமாகவே உதவி கிடைக்க வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தது.

இந்தியாவில்

இந்தியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு உணவு வழங்கும் முதன்மையான பொறுப்பை அரசின் பொது வழங்கல் முறை ஏற்றுள்ளது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஊரக மக்களில் 75 விழுக்காடு வரையும் நகர மக்களில் 50 விழுக்காடு வரையும் தானியம் பெறும் உரிமையை அளித்தது. தமிழ்நாட்டில் குடும்ப அட்டை வைத்திருப்போர் நியாயவிலைக் கடைகளில் அரிசி பெறுகின்றனர். ஆயினும் நிலையான முகவரி இல்லாதவர்கள் குடும்ப அட்டை பெறுவது கடினம். எனவே நடைபாதைகளில் வாழும் குடும்பங்கள் இவ்வுரிமையில் இருந்து விடுபட்டுப் போவதுண்டு.

மேலைநாடுகளில் உள்ளவை போன்ற பெருங்களஞ்சியங்கள் இங்கு குறைவு. திருமண மண்டபங்கள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் எஞ்சும் சமைத்த உணவை உடனே எடுத்துச் சென்று வழங்கும் தன்னார்வ அமைப்புக்களே மிகுதி. 2014 இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட், அதே ஆண்டில் தில்லியில் தொடங்கிய ராபின் ஹூட் ஆர்மி ஆகியவை இவ்வகையின. சமைத்த உணவு வெப்பமான காலநிலையில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும் என்பதால், முகூர்த்த நாட்களில் இரவு வெகுநேரம் வரை தன்னார்வலர்கள் வண்டிகளுடன் ஆயத்தமாக இருக்க வேண்டியுள்ளது. இவ்வாறு மிகுதி உணவைச் சேகரித்து வழங்குவதற்கான விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019 இல் வெளியிட்டது.

திரைப்படத்தில்

பிரித்தானிய இயக்குநர் கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' (2016) என்னும் திரைப்படத்தில் உணவு வங்கிக் காட்சி ஒன்று இடம்பெற்றுள்ளது. இலண்டனில் வீடற்றோர் விடுதியில் இருந்து நியூகாசில் நகருக்கு இரு பிள்ளைகளுடன் அனுப்பப்பட்ட ஒரு தாய், உணவு வங்கியின் அடுக்குகளிடையே நிற்கும்போது பசி தாளாமல் ஒரு பேணியைத் திறந்து கையால் உண்கிறாள். பின் தன் செயலுக்காக நாணி அழுகிறாள். இப்படம் அவ்வாண்டு கேன் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதினைப் பெற்றது. ஐக்கிய இராச்சியத்தின் நலத்திட்டங்கள் பற்றிய பொது விவாதத்தில் இப்படம் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* அன்னசத்திரம்
* பொது வழங்கல் முறை
* உணவுப் பாதுகாப்பு
* வீடின்மை
* கஞ்சித்தொட்டி
* தன்னார்வப் பணி